பாலியில் ஒரு பெண்ணும் புருசா ஆகலாம்

ஐந்து நாள் பாலியில் சுற்றிவிட்டு வந்து நீங்கள் கேட்டிருப்பது இது. கட்டட வேலையில் தலையில் செங்கல் சுமப்பது பெண்கள், சந்தையில் கடை போடுவது பெண்கள், கோயிலுக்குப் பழக்கூடை அடுக்கிக்கொண்டு போவதும் பெண்கள். ஆண்களோ வாசலில் சேவலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உங்களுக்கு வண்டி ஓட்டிய தபானான் மாவட்டத்துக்காரர் மனைவி வீட்டில் குடியிருக்கிறார், பிள்ளைகளும் மனைவியின் குலத்தைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் அங்கே நடப்பது பெண்கள் ராஜ்ஜியமா, இல்லை பெண்களைச் சக்கையாகப் பிழிகிறார்களா? அவர்களும் இந்துக்கள்தானே, குடும்பம் நம்மைப் போலத்தானா? மூன்று கேள்வி மாதிரித் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: பாலியில் ஒரு பெண் எந்த வீட்டைச் சேர்ந்தவள், அந்த வீடு அவளுக்குச் சொந்தமா? இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. நான் மானுடவியல் படித்தவள். ஆய்வுக்காகக் கியான்யார் மாவட்டத்தில் ஒரு கிராமத்துக் குடும்பத்தோடு ஒன்றரை ஆண்டு தங்கினேன்; அதற்குப் பிறகும் போய்வந்துகொண்டிருக்கிறேன். பெண் என்பதால் படையலுக்குக் குருத்தோலை தைக்கிற திண்ணையில் எனக்கு உடனே இடம் கிடைத்தது. ஆண்களின் ஊர்க்கூட்டத்தை ஓரத்தில் நின்றுதான் பார்த்திருக்கிறேன். தெற்கு பாலியைப் பற்றி எழுதுவது நேரில் கண்டது. வடக்கே புலேலெங், மலைமேல் பழைய மரபோடு இருக்கும் பாலி ஆகா கிராமங்கள் ஆகியவற்றைப் பற்றி எனக்குத் தெரிந்தது படித்தும் கேட்டும் அறிந்தது மட்டுமே. தீவில் மரபுக் கிராமங்கள் சுமார் 1,500 இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆவிக்-ஆவிக் என்று தனிக் கட்டுப்பாடு உண்டு. எதைக் கேட்டாலும் பாலிக்காரர்கள் ‘தேச காலா பத்ரா’ என்பார்கள். இடம், காலம், சூழ்நிலை பார்த்துத்தான் எதுவும் என்று அர்த்தம். ஆகவே நான் ‘பாலியில்’ என்று எழுதும் இடத்திலெல்லாம் ‘பெரும்பாலான ஊர்களில்’ என்று படித்துக்கொள்ளுங்கள்.

சந்தேகமே இல்லாததிலிருந்து தொடங்குகிறேன். பாலி தந்தைவழிச் சமூகம். வீடு, நிலம், குலக்கோயில் எல்லாம் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகின்றன. அண்ணன் தம்பிகள் ஒரே மதிலுக்குள் தனித்தனிக் கட்டடங்களில் குடியிருப்பார்கள். கல்யாணமான ஒவ்வொரு சோடிக்கும் பெரும்பாலும் தனி அடுப்பு இருக்கும். தெற்கு பாலியில் அந்த வளாகத்தின் ஈசானிய மூலையில் குடும்பக் கோயில். சாதாரணக் குடும்பங்களில் அதைச் சங்கா என்பார்கள், உயர்குடிகளில் மெராஜான். முன்னோர் அங்கே குடியிருக்கிறார்கள். அதே குடும்பத்தில் அவர்கள் மறுபடி பிறப்பார்கள் என்பதும் உறுதியான நம்பிக்கை. குழந்தை பிறந்த சில மாதங்களுக்குள் குறி சொல்பவரிடம் போய், வந்திருப்பது எந்தத் தாத்தா, எந்தப் பாட்டி என்று கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். நான் இருந்த வீட்டில் சின்னப் பையன் அடம்பிடித்தால், ‘பெரியவர் குணம் அப்படியே வந்திருக்கிறது’ என்பாள் பாட்டி. விளையாட்டாகச் சொன்னதில்லை, செத்துப்போன தன் மாமனாரைத்தான் அவள் சொன்னாள். இறந்தவரை எரித்து, தூய்மைப்படுத்தி, கோயிலில் சேர்க்கிற கடமை வாரிசுக்கு. திரும்பி வர அவர்களுக்கு அதே வீட்டில் ஒரு வயிறும் வேண்டும். வம்சம் அற்றுப்போனால் சொத்து கைமாறுவதோடு முடியாது. முன்னோர் நடுத்தெருவில் நிற்பார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு கல்யாணத்தைப் பாருங்கள். பாலியில் கல்யாணம் என்பது பெண் தன் முன்னோரை மாற்றிக்கொள்வது. அதற்கென்றே மெபமித் என்று ஒரு சடங்கு இருக்கிறது. பெண் தன் அப்பாவின் குடும்பக் கோயிலில் உட்கார்ந்து, இன்றோடு உங்கள் பொறுப்பிலிருந்து போகிறேன் என்று மூதாதையரிடமே விடைபெறுகிறாள். நம் பெண்களும் புகுந்த வீட்டுக் குலதெய்வத்துக்கு மாறுகிறவர்கள்தான், ஆனால் பழைய தெய்வத்திடம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போகச் சொல்லி நாம் கேட்பதில்லை. நான் பார்த்த மெபமித் ஒன்றிலும் பெண்ணின் அப்பா அழாமல் இருந்ததில்லை. கல்யாணம் நடக்கும் விதம் இரண்டு. பையன் வீட்டார் வந்து முறையாகப் பெண் கேட்பது மெமாடிக். சோடி ஓடிப்போய் ஒரு வீட்டில் தங்கி, பிறகு பெண்வீட்டுக்குத் தகவல் அனுப்புவது ஙெரோரோட். இதுவும் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட வழக்கம்தான்; ஒரு காலத்தில் மிகச் சாதாரணம். வரதட்சணை கிடையாது. பெற்றோர் விரும்பிக் கொடுப்பது பெண்ணுக்கே உரியது. கல்யாணத்தின்போது பெண் கர்ப்பமாக இருப்பதைப் பல ஊர்களில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ‘வம்சம் உறுதி’ என்று நிம்மதிப்படும் மாமியாரையும் பார்த்திருக்கிறேன். இதைக் கேட்டதும் பாலியில் கட்டுப்பாடு தளர்வு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கற்பைவிட வாரிசு அங்கே பெரிய கவலை, அவ்வளவுதான்.

சரி, உங்கள் ஓட்டுநர் விஷயம். மகன் இல்லாத வீடு என்ன செய்யும்? ஒரு மகளை மகனாக்கிவிடும். அவளுக்குச் செந்தானா ராஜெக் என்று பேர். செந்தானா வேறொன்றுமில்லை, நம் சந்தானம்தான். கல்யாணச் சடங்கிலும் ஊர் வழக்கத்திலும் அவளுக்குப் புருசா, அதாவது ஆணுக்குரிய இடம், என்ற நிலை வருகிறது. அவளைக் கட்டிக்கொண்டு வருகிற ஆண் பிரதானா, அதாவது பெண்ணுக்குரிய இடத்தில் இருப்பவர் ஆகிறார். நம் பேச்சில் புருஷன் என்றால் கணவன். அங்கே மனைவிதான் புருசா என்பது சாத்தியம். இந்த முறைக்கு ஞெந்தானா என்று பெயர். மெபமித் செய்து தன் குடும்பக் கோயிலில் விடைபெறுகிறவர் இங்கே மாப்பிள்ளை. பிறந்த வீட்டில் அவருக்குப் பங்கு போய்விடும், பிள்ளைகள் மனைவியின் முன்னோருக்கு வாரிசாவார்கள். ஆகவே இதை வீட்டோடு மாப்பிள்ளை என்று மொழிபெயர்த்தால் தப்பாகிவிடும். நம் ஊர் வீட்டோடு மாப்பிள்ளை எங்கே குடியிருந்தாலும் பிள்ளைகள் அவர் குலம்தான். தபானானில் ஞெந்தானா சகஜம், பாடுங், கியான்யாரின் பல ஊர்களிலும் உண்டு. கிழக்கே கராங்காசெம், குலுங்குங் பக்கம் பல ஊர்களில் ஆணுக்கு இதை இழுக்காகப் பார்க்கிறார்கள். மகள்கள் மட்டுமே உள்ள வீட்டுப் பெண்ணும் ஒரே மகனாகப் பிறந்தவனும் காதலித்தால் இரண்டு வீட்டுக்கும் தூக்கம் போய்விடும். அப்படிப் பிரிந்துபோன சோடிகளை எனக்குத் தெரியும்.

புருசா, பிரதானா என்பவை உடம்பைச் சொல்லாமல் குடும்பத்தில் ஒருவர் நிற்கும் இடத்தைச் சொல்கின்றன. இதைப் பார்த்துவிட்டுச் சிலர், ஆண் பெண் பேதத்தைப் பாலி கடந்துவிட்டது என்று உற்சாகமாக எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆண் வாரிசு அவ்வளவு அவசியம் என்பதால்தான் ஒரு பெண்ணை ஆணின் இடத்தில் வைக்கவேண்டி வருகிறது. தம்பி ஒருவன் இருந்திருந்தால் அதே பெண் வெளியே போயிருப்பாள். நான் பழகிய ஞெந்தானா வீடுகளில் ஊர்க்கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தது கணவர்தான். ஆனால் நிலம் யார் பேரில் இருக்கிறது, சண்டை வந்தால் யார் வெளியேறவேண்டும் என்ற இரண்டும் அந்த வீடுகளில் வேறு. அந்தப் பெண்கள் பேசுகிற தொனியிலேயே அது தெரியும்.

நம்மைப் போலத்தானா என்ற கேள்விக்கு ஒரே எடுத்துக்காட்டு போதும். நமக்கு மாமன் மகள், அத்தை மகள் முறைப்பெண். பெரியப்பா, சித்தப்பா மகள் தங்கை. பாலியில் அப்பாவின் அண்ணன் தம்பி மகளைக் கட்டுவது தவறில்லை. உயர்குடிகளில் விரும்பியே செய்திருக்கிறார்கள். முதலில் கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது. அப்புறம் கணக்குப் புரிந்தது: பங்காளி வீட்டிலேயே கட்டிக்கொடுத்தால் பெண் தன் முன்னோரை விட்டுப் போகவேண்டியதில்லை. அதேபோல நாம் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதை உறவு கெட்டிப்படும் என்று கொண்டாடுகிறோம். அவர்களோ அதைக் கூடாது என்கிறார்கள். மூங்கில் சிம்பை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து இழுத்தால் ஒரு கையாவது கிழியும் என்பது அவர்கள் சொல்லும் உவமை. ஒரே மதம் என்ற பேர் இருக்கலாம். குடும்பத்தின் எலும்புக்கூடு வேறு. அந்தத் தந்தைவழி முறையில் இந்தியாவிலிருந்து வந்தது எவ்வளவு, அதற்கு முன்பே தீவில் இருந்தது எவ்வளவு என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. சொற்கள் சமஸ்கிருதம் என்பதற்காகப் பழக்கமும் அங்கிருந்துதான் வந்தது என்று சொல்ல முடியாது.

இனி வேலை. காலை பத்து மணிக்குக் கிளம்புகிற பயணியின் கண்ணில் படாதது நிறைய. உழவும் நாற்று நடவும் பாலியில் மரபாக ஆண்கள் வேலை, அறுவடை இருவருக்கும் பொது. சுபாக் என்ற நீர்ப்பாசன அமைப்பில் வாய்க்கால் வெட்டுவது, தண்ணீர் முறை வைப்பது, கூட்டத்துக்குப் போவது எல்லாம் ஆண்கள். விடியுமுன் வயலுக்குப் போனவர் வெயில் ஏறியதும் வந்து சேவலை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். உங்களுக்குச் சேவல் மட்டும் தெரிகிறது. பெரிய விசேஷம் என்றால் இருட்டோடு எழுந்து இறைச்சி கொத்தி, தேங்காயும் மசாலாவும் சேர்த்து லாவார் பிசைவது, சாத்தே என்ற இறைச்சிக் குச்சிகளைக் குத்துவது, பன்றி சுடுவது எல்லாம் ஆண்கள்தான். நாள்தோறும் சமைப்பது பெண், சடங்குக்குச் சமைப்பது ஆண்.

ஆனால் பெண்ணின் நாள் நீளம் என்பதில் உங்கள் கண் தப்பவில்லை. சோறு வெந்ததும் யாரும் வாய் வைக்குமுன் வாழையிலைத் துணுக்குகளில் ஒரு சிட்டிகை சோறு வைத்து அடுப்பு, தண்ணீர்ப் பானை, வாசல் என்று படைக்கவேண்டும். பிறகு சானாங். குருத்தோலைத் தட்டில் வெற்றிலையும் சுண்ணாம்பும் வைத்து, திசைக்கொரு நிறமாகப் பூ: கிழக்கே வெள்ளை, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலமோ பச்சையோ. ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு இப்படி இருபது, முப்பது ஆகும். பாலி நாட்காட்டியின் ஒரு சுற்றான 210 நாளுக்கொருமுறை பெரும்பாலான கோயில்களுக்குத் திருவிழா, அதே சுற்றில் கலுங்கான் பண்டிகை, நடுவே பௌர்ணமி, அமாவாசை, பிறந்தநாள், பல் ராவும் சடங்கு, சாவு. கியான்யாரில் எனக்கு ஓலை வெட்டக் கற்றுக்கொடுத்தவர் பள்ளிக்கூட ஆசிரியை. மாலை நாலு மணிக்கு வந்தால் இரவு பதினொன்று வரை ஓலையும் கத்தியும்தான் கையில். அந்த வேலையை அவர் சுமை என்று மட்டும் சொன்னதில்லை. கையில் ஒரு திறமை, அக்கம்பக்கப் பெண்களோடு பேச்சு, தெய்வத்துக்குச் செய்கிறோம் என்ற நிறைவு எல்லாம் அதில் இருந்தது. இடுப்பு வலியும் இருந்தது.

இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிக்கிற ஒரு சொல் இருக்கிறது: குரெனான். கணவனுக்கும் அதே சொல், மனைவிக்கும் அதே சொல். ஊரின் அடிப்படை அமைப்பான பஞ்சாரில் முழு உறுப்பினர் என்பது தனி ஆள் இல்லை, சோடி. கல்யாணமாகாதவன் எவ்வளவு கெட்டிக்காரனானாலும் முழு உறுப்பினராக முடியாது. விசேஷத்துக்கு ஆண் பங்கு உழைப்பு, பெண் பங்கு உழைப்பு இரண்டையும் ஒவ்வொரு வீடும் கொடுக்கவேண்டும். எது குறைந்தாலும் குறை வீட்டுக்கு. பூசாரி நிலையும் அப்படித்தான். பிராமணக் குலத்தில் பெடண்டா என்ற பூசாரி ஆகிறவரோடு மனைவியும் தீட்சை பெறுகிறார். கணவர் காலமான பிறகு அவரே சடங்கு நடத்தலாம். முடியைக் கொண்டை போட்டு, மணியும் தீர்த்தமுமாக ஒரு பாட்டி பீடத்தில் உட்கார்ந்து மந்திரம் சொல்வதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் சோடி முழுமையானது என்பதையும் சோடி சமமானது என்பதையும் ஒன்றாக்கிக் குழப்பக் கூடாது. ஆணின் பங்கு விசேஷத்துக்கு விசேஷம் வருகிறது, பெண்ணின் பங்கு தினம் வருகிறது. கூட்டத்தில் முடிவெடுப்பது ஆண், முடிவை ஓலையில் தைப்பது பெண்.

காசு யார் கையில் என்று பலர் கேட்பார்கள். சந்தை பெண்களுடையது. மாடு ஆணின் பொறுப்பு, பன்றி பெண்ணின் பொறுப்பு. சமையலறைக் கழிவில் வளர்ந்த பன்றியைக் கலுங்கானுக்கு முன் விற்றால் அந்தக் காசு அவளுக்கு. பாலி மொழியில் பன்றிக்குச் செலெங். இந்தோனேசிய மொழியில் உண்டியலுக்குச் செலெங்கான். அவள் சம்பாத்தியம் அவள் கையில் இருக்கும் என்பதுவரை உறுதியாகச் சொல்லலாம். ‘ஆகவே அவளுக்கு அதிகாரம் இருக்கிறது’ என்று அடுத்த வரி எழுதுவதில்தான் ஆய்வாளர்கள் பிரிகிறார்கள். நான் பார்த்தவரை அந்தக் காசு அரிசி, பள்ளிக் கட்டணம், படையல் என்றே கரைந்தது. கணவனிடம் கேட்காமல் செலவழிக்கலாம் என்பது உண்மைதான். அதே சுதந்திரத்தால், அவன் சேவல் சூதில் தோற்றதை ஈடுகட்டுவதும் அவள் தலையில் விழுந்தது.

தீட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கோயில் வாசலில் பலகையைப் பார்த்திருப்பீர்கள். மாதவிடாயின்போது பெண்கள் கோயிலுக்குள் போகக்கூடாது. பிள்ளை பெற்றால் 42 நாள். அதற்குப் பேர் சுந்தாகா. சாவு நடந்த வீட்டு ஆண்களுக்கும் அது உண்டு. அதனால் பெண்ணை மட்டும் குறிவைத்த விதி இல்லை என்று பாலிக்காரர்கள் வாதாடுவார்கள். பாதி உண்மை. சாவு எப்போதாவது வரும்.

சாதியும் பெண் வழியாகத்தான் காவல் காக்கப்பட்டது. மேல்குலத்து ஆண் கீழே கட்டலாம். பெண்ணுக்கு ‘ஜெரோ’ என்ற பட்டத்தோடு புதுப் பேர் கிடைக்கும். மேல்குலத்துப் பெண் கீழே கட்டினால் அது குற்றம். டச்சு ஆட்சியிலும் அந்தச் சோடிகளை நாடு கடத்தினார்கள். 1951இல் பாலியின் மக்கள் பிரதிநிதி அவைதான் அந்தத் தண்டனையை ஒழித்தது. சாதாரணக் குடும்பத்தில் ஆணும் பெண்ணுமாக இரட்டைப் பிள்ளைகள் பிறந்தால் பெற்றோரை ஊருக்கு வெளியே அனுப்பும் வழக்கத்தையும் அதே ஆண்டு அந்த அவை ஒழித்தது. சட்டம் போய்விட்டது, ஆனால் மேல்குலத்தில் கட்டிப்போன தன் மகளிடம் மரியாதை மொழியில் பேசவேண்டிய நிலையில் அம்மாவும், தாழ்ந்த குலத்தில் கட்டிப்போனதால் தாய்வீட்டுக் கோயிலில் பழையபடி நிற்க முடியாத மகளும் இன்றும் இருக்கிறார்கள்.

பிள்ளை வளர்ப்பு பற்றி இணையத்தில் ஒன்று அடிக்கடி சுற்றும்: பாலித் தாய்மார் குழந்தையைச் சீண்டிவிட்டுப் பிறகு கண்டுகொள்ளாமல் விடுவார்கள், அதனால்தான் பாலிக்காரர்கள் உணர்ச்சியை வெளிக்காட்டாதவர்கள் என்று. 1930களின் பிற்பாதியில் மானுடவியலாளர்கள் மார்கரெட் மீடும் கிரெகரி பேட்சனும் பாயுங் கெடே என்ற மலைக்கிராமத்தில் எடுத்த சுமார் 25,000 புகைப்படங்களின் அடிப்படையில் கிளம்பிய கருத்து அது. படங்கள் விலைமதிப்பற்றவை. ஒரு மலைக்கிராமத்தை வைத்துத் தீவு முழுவதற்கும் சொன்ன விளக்கத்தைப் பின்னால் வந்தவர்கள் பலர் ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. நான் பார்த்தது மடி மாறிமாறிப் போகிற குழந்தை. மூன்று பாலி மாதம், அதாவது 105 நாள், காலை மண்ணில் வைக்க விடமாட்டார்கள்; தெய்வத்திடமிருந்து இப்போதுதான் வந்திருக்கிறது என்பார்கள். ஆண்கள் வெட்கப்படாமல் இடுப்பில் குழந்தையோடு சுற்றுவார்கள். பேர் வைப்பதில்கூட ஆண் பெண் பேதம் குறைவு: முதல் பிள்ளை வயான் அல்லது புத்து, இரண்டாவது மாடே அல்லது காடெக், மூன்றாவது ஞோமான் அல்லது கோமாங், நான்காவது கெதுத். முன்னால் ‘ஈ’ வந்தால் ஆண், ‘நி’ வந்தால் பெண்.

அந்தக் கெதுத் இப்போது அருகிப்போன பேர். 1960களின் கடைசியில் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஆறு பிள்ளை இருந்தது. 2000 வாக்கில் இரண்டு. அரசின் குடும்பக் கட்டுப்பாட்டைப் பஞ்சார் வழியாகக் கொண்டுபோனதால் வந்த மாற்றம் இது. மண்டபத்தில் ஊர் வரைபடம் மாட்டி, எந்த வீட்டில் என்ன கருத்தடை என்று வண்ணத்தில் குறித்தார்கள். மனைவியின் கருத்தடையைப் பற்றிக் கூட்டத்தில் எழுந்து சொன்னது கணவன். இரண்டு பிள்ளை என்றானதும் மகன் இல்லாத வீடுகள் பெருகின, ஞெந்தானா பற்றிய பேச்சும் பெருகியது. 2019இல் ஆளுநர் வயான் கொஸ்தர், இரண்டு பிள்ளைப் பிரசாரத்தை நிறுத்தி நான்கு பிள்ளை பெறச் சொல்லி அறிவுறுத்தினார். கெதுத் என்ற பேரைக் காப்பாற்றவேண்டும் என்பது சொன்ன காரணங்களில் ஒன்று. பெறுகிறவர்களிடம் கேட்டார்களா என்று என் ஆசிரியைத் தோழி திண்ணையில் சத்தமாகவே கேட்டார்.

இப்போது உங்கள் கேள்வியின் அடிமடி: வீடு அவளுக்குச் சொந்தமா? நான் தங்கிய வளாகத்தில் ஓர் அத்தை இருந்தார். கணவனோடு ஒத்துவராமல் திரும்பி வந்தவர். அதற்கு மூலி டாஹா என்று பேர், ‘கன்னியாக வீடு திரும்புதல்’. பிள்ளைகள் அப்பாவின் குலம் என்பதால் அங்கேயே இருந்துவிட்டார்கள். நீதிமன்றம் குழந்தையை அம்மாவிடம் ஒப்படைத்தாலும் சடங்குப்படி அது அப்பா வீட்டுப் பிள்ளைதான். அத்தைக்குப் படுக்க ஒரு கட்டடம், சாப்பாடு, மரியாதை எல்லாம் கிடைத்தன. தெருவிலேயே நேர்த்தியாகப் படையல் கட்டுகிறவர் என்று அவரைத் தேடி வருவார்கள். ஆனால் அந்த மதிலுக்குள் ஒரு அடி நிலமும் அவர் பேரில் கிடையாது. பண்டிகைக்கு மகன் வந்து பார்த்துவிட்டு, கும்பிடுவதற்குத் தன் அப்பா வீட்டுக்குப் போவான். பல பெண்கள் அடி வாங்கிக்கொண்டும் மணவாழ்க்கையை விடாததற்குக் காரணம் இதுதான் என்பது என் கருத்து.

2010 அக்டோபரில் மரபுக் கிராமங்களின் தலைமைப் பேரவை கூடி ஒரு முடிவெடுத்தது. பெற்றோர் சம்பாதித்த சொத்தில், முன்னோர் சடங்குக்கும் மரபைக் காக்கவும் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கியபின், மகனுக்குக் கிடைப்பதில் பாதி மகளுக்கும் உண்டு. பூர்விகச் சொத்தும் கோயிலும் இதில் வராது, மதம் மாறிப்போனவளுக்கும் கிடையாது. இந்த இரண்டுக்கு ஒன்று என்ற கணக்குக்கு ஒரு பழைய பேர் இருக்கிறது: அதெகென் அசூவுன். ஆண் தோளில் காவடித்தண்டு வைத்து இரண்டு பக்கமும் சுமக்கிறான், இரண்டு பங்கு. பெண் தலையில் ஒரே சுமை, ஒரு பங்கு. நீங்கள் தெருவில் பார்த்த அந்தத் தலைச்சுமைதான் அவளுடைய பங்கின் அளவு. ஒன்றுமே இல்லாததற்கு இது பெரிய முன்னேற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நடைமுறை வேறு. பேரவையின் முடிவு கிராமங்களுக்கு ஒரு வழிகாட்டி. கட்டுப்பாட்டில் எழுதிக்கொள்வது அந்தந்த ஊர் விருப்பம். நான் கேட்ட பெண்களில் அநேகர் பங்கு கேட்கவே இல்லை. அண்ணனிடம் நிலம் கேட்டுவிட்டு, நாளை ஏதாவது ஆனால் எந்த வீட்டுக்குத் திரும்பி வருவது என்கிறார்கள். நான் உட்கார்ந்து யோசித்தும் அதற்கு எனக்குப் பதில் வரவில்லை.

கடைசியாக ஒன்று. இரண்டு வீட்டிலும் ஒரே பிள்ளையாகப் பிறந்தவர்கள் கட்டிக்கொள்ளும்போது பாடா கெலஹாங் என்ற முறை இப்போது பரவிவருகிறது. இருவரும் புருசா, யாரும் மெபமித் செய்வதில்லை, இரண்டு வீட்டுக் கடமையும் இருவருக்கும் உண்டு. பிள்ளைகளில் யார் எந்தக் குலம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கிறார்கள். ஏற்கிற ஊரும் உண்டு, முகம் சுளிக்கிற ஊரும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு சோடி இப்படிக் கட்டிக்கொண்டது. மூத்தவள் அப்பா வீட்டுக்கு, இளையவன் அம்மா வீட்டுக்கு. கலுங்கான் அன்று காலையில் ஒரு கோயில், மதியம் ஸ்கூட்டரில் நாற்பது நிமிடம் போய் இன்னொரு கோயில். கணவன் இரண்டு பஞ்சாருக்கும் கட்டணம் செலுத்தி இரண்டு கூட்டத்துக்கும் போகிறான். இரண்டு வீட்டுக்கும் படையல் தைப்பது அந்தப் பெண்தான். வங்கி வேலை முடிந்து வருகிற வழியில் பாதியைச் சந்தையில் ஆயத்தமாகவே வாங்கிக்கொள்கிறாள்.